தார் ரோடு பாதி... மண் ரோடு மீதி!

ஒரு காலத்தில் சைக்கிள் வாங்குவது ரொம்ப சுலபம். கடைக்காரர் மூன்றே மூன்று கேள்விதான் கேட்பார். 'ஹெர்குலிஸா, ஹீரோவா?', 'பார் வெச்சதா, பார் வைக்காததா?', 'கறுப்பா, பச்சையா?' மூன்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் டைனமோ மாட்டி, கேரியர் மாட்டி, ஹேண்டில்பாரில் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிடுவார்கள்!

இப்போது? ரோடு பைக்கா, எம்.டி.பி.யா, ஹைபிரிட்டா? அலுமினியமா, ஸ்டீலா, கார்பனா? முன்னாடி ஒரு பல்சக்கரமா, இரண்டா? டிஸ்க் பிரேக் ஒயரில் வேலை செய்யணுமா, எண்ணெயிலா? எல்லாவற்றுக்கும் பதில் சொல்வதற்குள் 'பேசாம நடந்தே போயிடலாம்' என்று தோன்றிவிடுகிறது.

போதாக்குறைக்கு, இந்தக் கூட்டத்தில் புதுசாக ஒருத்தர் வந்து சேர்ந்திருக்கிறார். பெயர் 'கிராவல் பைக்'. கிராவல் என்றால் சரளை. (''சரளை ஏத்தற வண்டியா சார்?'' என்று கேட்டார் என் பக்கத்து வீட்டுக்காரர். இல்லை சார், சரளை மேலே ஏறுகிற வண்டி!) பார்ப்பதற்கு ரேஸ் சைக்கிள் மாதிரி ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார். ஆனால், டயர் மட்டும் குண்டு. தார் ரோட்டிலும் ஓடும், மண் ரோட்டிலும் ஓடும், ஜல்லி கொட்டி மூன்று வருஷமாகத் தார் ஊற்றாமல் விட்ட ரோட்டிலும் ஓடும். அப்படிப் பார்த்தால், நம்ம ஊருக்கென்றே செய்தது போல இருக்கிறது, இல்லையா?

இருங்கள்... அதற்குள் பர்ஸை எடுக்காதீர்கள்!

தாத்தாவுக்கே தெரிந்த ரகசியம்

இது என்னவோ அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த புதுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். உங்கள் தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிளின் டயரில் என்ன எழுதியிருக்கும்? 28 x 1½. அதாவது ஒன்றரை அங்குல அகலம். மில்லிமீட்டரில் சொன்னால் 38. இன்றைக்குக் கடையில் இருக்கும் கிராவல் பைக்கின் டயர்? பெரும்பாலும் 38-லிருந்து 45 மில்லிமீட்டர்! தாத்தா அந்த டயரில்தான் வரப்பு, வண்டிப்பாதை, ஆற்றங்கரை எல்லாவற்றிலும் பின்னாடி ஒரு மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு போனார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அவர்கள் என்ன வழவழப்பான ஹைவேயிலா பழகினார்கள்? ஊர்ப் பாதையில்தான்.

தாத்தா சைக்கிளுக்கு இரண்டு குறைகள். ஒன்று, எடை. சுமார் 20 கிலோ. இரண்டாவது, ஒரே கியர். ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டு சுற்றுக்கும் மேலே சுற்றும். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதே அகல டயரை வைத்து, எடையைப் பாதியாக்கி, கியரும் நல்ல பிரேக்கும் போட்டால் வருவதுதான் கிராவல் பைக்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்று ஓர் ஊர். அதைச் சுற்றி ஃபிளிண்ட் ஹில்ஸ் என்ற குன்றுகள். ஃபிளிண்ட் என்றால் சிக்கிமுக்கிக் கல். ஆதி மனுஷன் கத்தி செய்தானே, அந்தக் கல்! பாதை முழுக்க அதுதான். 2006-ல் அங்கே 200 மைல் (சுமார் 320 கிலோமீட்டர்) பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். இப்போது அதற்கு 'அன்பவுண்ட் கிராவல்' என்று பெயர். ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயரைக் கல் கிழித்தது. மலை சைக்கிளோ நீண்ட தூரத்துக்குச் சோம்பேறி. 'இரண்டுக்கும் நடுவிலே ஒண்ணு செஞ்சு குடுங்கப்பா' என்று ஓட்டுகிறவர்கள் கேட்க, கம்பெனிகள் செய்ய ஆரம்பித்தன. 2019-ல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி இதற்கென்றே ஜி.ஆர்.எக்ஸ். என்று தனியாக கியர் செட் கொண்டுவந்தது. 2022-ல் இத்தாலியில் முதல் உலக கிராவல் சாம்பியன்ஷிப்பே நடந்துவிட்டது!

சரி, நாம் இத்தாலிக்குப் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம்.

மாப்பிள்ளைக்கு வந்த ஆசை

என் தங்கை வீட்டுக்காரர் அந்தப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். வயது முப்பத்தாறு. போன வருஷம் மெடிக்கல் செக்கப்பில் 'சர்க்கரை எட்டிப் பார்க்குது, ஏதாவது உடற்பயிற்சி பண்ணுங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் ஜிம்முக்குப் போகிற ஜாதி இல்லை. ''வேலைக்கு சைக்கிள்ல போயிடறேன். பதினோரு கிலோமீட்டர்தானே!'' என்று கிளம்பிவிட்டார்.

பதினோரு கிலோமீட்டர்தான். ஆனால், அத்தனையும் நெடுஞ்சாலை. கன்டெய்னர் லாரிகள் ரயில் மாதிரி வரிசையாகப் போகிற ரோடு. அவருடைய செக்ஷனிலேயே ஒருவர் சர்வீஸ் ரோட்டில் லாரி உரசி, காலை உடைத்துக்கொண்டு மூன்று மாதம் படுக்கையில் கிடந்தவர்.

தங்கை எனக்கு போன் போட்டாள். ''அண்ணே, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. சர்க்கரை வந்தா மாத்திரை போட்டுக்கலாம்ணே. அந்த ரோட்டுல ஒண்ணு ஆச்சுன்னா நான் ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?''

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். மாப்பிள்ளை டேபிளில் மூன்று கடைகளின் கேட்லாக்கைப் பரப்பி வைத்திருந்தார்.

''வாங்க மச்சான். நீங்க பி.காம். ஆச்சே... இதுல எது லாபம்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க.''

''மொதல்ல கேட்லாக்கை மூடுங்க மாப்ளே. வேற வழி இருக்கா உங்க கம்பெனிக்கு?''

''ஏரிக்கரை வழியா ஒண்ணு இருக்கு. பதினாலு கிலோமீட்டர் வரும். ஆனா ரோடு மோசம் மச்சான்.''

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 'ஏரி மாவட்டம்' என்றே ஒரு பெயர் உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் ஏரி, அதற்கு ஒரு கரை, கரைமேல் ஒரு பாதை. அந்தப் பாதையில் கன்டெய்னர் லாரி வராது. வந்தால் ஏரிக்குள்தான் போகும்!

ஆக, மாப்பிள்ளைக்கு எந்த சைக்கிள் என்பது இல்லை கேள்வி. எந்த ரோடு என்பதுதான். ரோட்டை முடிவு பண்ணினால் சைக்கிள் தானாக முடிவாகிவிடும்.

ரோட்டுக்கு ஒரு பேரேடு

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நீங்கள் நிஜமாகவே போகப்போகிற பாதையை (ஆசைப்படுகிற பாதையை அல்ல!) மொபெட்டிலோ, நடந்தோ போய்ப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை செம்மண், எத்தனை ஜல்லி, எத்தனை மணல்? தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள்.

மாப்பிள்ளையும் நானும் அவருடைய டி.வி.எஸ். ஃபிஃப்டியில் போய் எழுதிய கணக்கு இது: குண்டும் குழியுமாக கிராமத்துத் தார் ரோடு 7 கிலோமீட்டர். ஏரிக்கரை மண் பாதை 4 கிலோமீட்டர். பெயர்ந்த ஜல்லி 3 கிலோமீட்டர். பாதிக்குப் பாதி!

கணக்கு எப்படி வந்தால் எந்த சைக்கிள்?

பத்தில் ஒன்பது பங்கு தார் என்றால், கிராவல் பைக் வேண்டியதில்லை. 32 மில்லிமீட்டர் டயர் போடக்கூடிய ரோடு பைக் போதும். காசும் மிச்சம், வேகமும் மிச்சம்.

பாறை, வேர், ஆளையே தூக்கிப்போடும் மலைப் பாதை என்றால், முன்னால் ஷாக் அப்ஸார்பர் வைத்த எம்.டி.பி.தான். அங்கே கிராவல் பைக்கில் போனால் பல் செட் வாங்கிக் கொடுக்க யாராவது கூட வர வேண்டும்.

ஐந்தாறு கிலோமீட்டர் மார்க்கெட், கோயில், டியூஷன் என்றால் ஹைபிரிட். நேரான ஹேண்டில்பார், நிமிர்ந்த முதுகு. கழுத்து வலி, முதுகு வலி இருக்கிறவர்களுக்கும் இதுதான் உத்தமம்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தூரம், அதில் மூன்றில் ஒரு பங்காவது தார் இல்லாத பாதை. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கிராவல் பைக்குக்கு நியாயம் உண்டு.

இன்னொரு பத்தி மண்ணின் ஜாதிக்கு. எல்லா மண்ணும் ஒன்றல்ல. காய்ந்த செம்மண் கெட்டியானது, ஓட்ட சுகமானது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண் வெயிலில் சாது. ஆனால், ஒரு மழை பெய்துவிட்டால் டயரில் அப்பிக்கொண்டு, சக்கரமே சுற்றாது. அங்கே வாங்குகிறவர்கள் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சுண்டுவிரல் தாராளமாகப் போகிற மாதிரி இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல் என்றால்... எந்த கிராவல் பைக்கும் முட்டி போட்டுவிடும். இறங்கித் தள்ளுங்கள், தப்பில்லை.

கடைக்குள் நுழைந்தால்...

''இது கார்பன் சார். ஒத்தை விரல்ல தூக்கலாம்!'' என்றார் ஒரு கடையில் சேல்ஸ்மேன்.

''தூக்கறதுக்கு வாங்கல தம்பி, ஓட்டறதுக்கு வாங்கறோம்'' என்றார் மாப்பிள்ளை. (எனக்கே பெருமையாக இருந்தது!)

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நிற்காமல் இருக்க, வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

முதலில் டயர். கிராவல் பைக்கின் உயிரே அதுதான். எவ்வளவு அகல டயர் மாட்டியிருக்கிறது என்பதைவிட, 'அதிகபட்சம் எவ்வளவு மாட்டலாம்?' என்று கேளுங்கள். 40 மில்லிமீட்டருக்குக் குறைவாகச் சொன்னால் அடுத்த சைக்கிளைப் பாருங்கள். 45 என்றால் சந்தோஷம். டயரின் பக்கவாட்டில் '40-622' என்பது போல ஓர் எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் '28 இன்ச் டியூப் குடுங்க' என்று தெருமுனைக் கடையில் கேட்டால், தாத்தா சைக்கிளின் 635 விட்டத்துக்கானதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அங்குலம் குழப்பும், இந்த எண் குழப்பாது.

காற்றிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'கல்லு மாதிரி அடிங்க' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மெல்லிய ரேஸ் டயருக்கு 80, 90 பி.எஸ்.ஐ. என்றால், 40 மில்லிமீட்டர் டயருக்கு 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் 35-லிருந்து 45-க்குள் போதும். கல்லு மாதிரி அடித்தால் ஒவ்வொரு ஜல்லியும் சைக்கிளையும் உங்களையும் சேர்த்து மேலே தூக்கிப்போடும். முன்னால் போக வேண்டிய சக்தி மேலே போய்விடும். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். ரொம்பவும் குறைத்தால் ரிம் அடி வாங்கும், டியூப் கடிபடும். அளவு முக்கியம், சாம்பாரில் உப்பு மாதிரி!

அடுத்தது கியர். இங்கே ஒரு சின்னக் கணக்கு. முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுங்கள். ரேஸ் சைக்கிளில் மிக லேசான கியர் பெரும்பாலும் முன்னால் 34, பின்னால் 28. அதாவது 1.2. ஒரு மிதிக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் போகும். கிராவல் பைக்கில் முன்னால் 30, பின்னால் 34 இருந்தால் 0.88. ஒரு மிதிக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவு. மெதுவாகப் போகும், ஆனால் போகும்! ஏரிக்கரை மேல் ஏறுகிற அந்தச் செங்குத்து மண் சரிவில், இல்லை எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை கூப்பிடும்போது, இந்த 0.88-தான் உங்கள் மானத்தைக் காப்பாற்றும். வகுத்து வருகிற எண் ஒன்றுக்குக் கீழே இருக்கட்டும். முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம் வைத்த சைக்கிளிலும் (40-க்கு 42 என்றால் 0.95) இது சாத்தியம். அதில் செயின் கழலுவது குறைவு, குழப்பமும் குறைவு. ஆனால், கியருக்குக் கியர் தாவல் கொஞ்சம் பெரிசாக இருக்கும்.

பிரேக்? டிஸ்க்தான், சந்தேகமே வேண்டாம். எண்ணெய் டிஸ்க் வெண்ணெய் மாதிரி பிடிக்கும். ஆனால் அதில் காற்றுப் புகுந்தால் சரிபண்ணத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா? இல்லையென்றால் ஒயர் டிஸ்க் வாங்குங்கள். ஒயர் அறுந்தால் எந்த ஊரிலும் மாட்டிக்கொள்ளலாம்.

ஃபிரேம் விஷயத்தில் நடுத்தரக் குடும்பத்துக்கு அலுமினியம் போதும். துருப்பிடிக்காது, எடை 10-12 கிலோவுக்குள் அடங்கும். நல்ல ஸ்டீல் ஃபிரேம் குலுக்கலைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், காலத்துக்கும் உழைக்கும், எடை கூடும். கார்பன்... பந்தயத்துக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கேரியர், மட்கார்டு மாட்டுவதற்கான மரைகள் ஃபிரேமில் இருக்கின்றனவா என்று மறக்காமல் பாருங்கள். டிபன் பாக்ஸை முதுகில் சுமந்தால் சாம்பார் சட்டைக்கு வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அளவு. 'ஆஃபர்ல இருக்கு சார், ஒரு சைஸ்தான் பெரிசு' என்பார்கள். ஒரு சைஸ் பெரிய செருப்பைப் போட்டு எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? நேர் கம்பியின் மேல் கால்களை ஊன்றி நின்றால் இரண்டு விரல்கடையாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, மிதி கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது கையை எட்டி நீட்டுகிற மாதிரி இருக்கக் கூடாது. பெண்களும் உயரம் குறைந்தவர்களும் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். சின்ன சைஸ் ஸ்டாக் இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள்.

முள் மகாத்மியம்

ஊர்ப் பாதை என்றால் முள் இல்லாமலா? சீமைக்கருவேல முள் செருப்பையே துளைத்துக் காலைப் பதம் பார்ப்பது. டயர் எம்மாத்திரம்? கூடவே நெருஞ்சி முள். இதில் ஒரு வேடிக்கை. இதே நெருஞ்சி அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்து அங்கே சைக்கிள்காரர்களை அழவைத்துக்கொண்டிருக்கிறது. ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரத்தில் சைக்கிள் பிரியர்கள் ஒன்றுகூடி நெருஞ்சிச் செடியைப் பிடுங்குவதை ஒரு திருவிழாவாகவே ஆக்கிவிட்டார்கள்!

வைத்தியம் இரண்டு. ஒன்று, டியூப்லெஸ் டயர். உள்ளே சீலன்ட் என்று பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றுவார்கள். முள் குத்தினால் அதுவே ஓடிப்போய் ஓட்டையை அடைத்துவிடும். நம்ம ஊர் வெயிலுக்கு அது சீக்கிரம் காய்ந்துபோகும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். இன்னொன்று, டியூப்தான், ஆனால் முள் தாங்குகிற தடித்த டயரும், பையில் ஒரு ஸ்பேர் டியூபும். எதுவானாலும் கைப்பம்ப் கட்டாயம். இந்த சைக்கிள்களில் பெரும்பாலும் ஒல்லியான 'பிரெஸ்டா' வால்வு இருக்கும். பெட்ரோல் பங்க்கில் காற்று ஏறாது. பித்தளை அடாப்டர் ஒன்று சின்னதாகக் கிடைக்கும். அதை வாங்கி வால்விலேயே மாட்டி வைத்துவிடுங்கள்.

இன்னொரு சின்னச் சாமான். பின் கியரைத் தாங்கிப் பிடிக்கிற 'ஹேங்கர்' என்ற துண்டு. சைக்கிள் வலது பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது இதுதான். ஃபிரேமைக் காப்பாற்றத் தன்னை பலி கொடுக்கிற தியாகி! மாடலுக்கு மாடல் வடிவம் மாறும். அவசரத்துக்கு எங்கேயும் கிடைக்காது. சைக்கிள் வாங்கும் அன்றே கூட ஒன்று வாங்கிவிடுங்கள்.

பி.காம். மூளை என்ன சொல்கிறது?

கிராவல் பைக் இன்று அரை லட்சத்தைச் சுற்றி ஆரம்பித்துப் பல லட்சங்கள் வரை போகிறது. அரை லட்சமா என்று மயக்கம் வருகிறதா? கணக்கைப் பாருங்கள்.

ஒரு 60,000 ரூபாய் சைக்கிள். மாப்பிள்ளை வாரத்தில் மூன்று நாள் போய் வந்தாலே வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் வரும். கிலோமீட்டருக்கு 15 ரூபாய். மூன்று வருஷம் ஓட்டினால் 5 ரூபாய். அதே சைக்கிளை வாங்கி, வருஷத்துக்கு 300 கிலோமீட்டர் மட்டும் ஓட்டிவிட்டு வராந்தாவில் நிறுத்தினால்? முதல் வருஷக் கணக்கில் கிலோமீட்டருக்கு 200 ரூபாய்! ஆட்டோவே தேவலை. கம்பெனிக் கணக்கில் தேய்மானம் வருஷா வருஷம் எழுதுவோம். துண்டு காயப்போடும் கொடியாக மாறிவிட்ட சைக்கிளுக்கு முதல் மாதமே நூறு சதவிகிதம் எழுதிவிடலாம்.

நல்ல செய்தி ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 60,000 என்றால் 4,200 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தில் ஹெல்மெட்டும் முன், பின் விளக்குகளும் வாங்குங்கள். பில்லைப் பார்த்து வாங்குங்கள். கையில் இருக்கும் பணம் மொத்தத்தையும் சைக்கிளுக்கே கொட்டிவிட்டு, ஹெல்மெட்டை 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்று தள்ளிவைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. பட்ஜெட்டில் ஏழில் ஒரு பங்கை இந்தச் சாமான்களுக்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து

மாப்பிள்ளை இரண்டு சைக்கிள்களில் வந்து நின்றார். விலையில் ஐயாயிரம் வித்தியாசம். கடைக்காரர் ''ஓட்டிப் பாருங்க'' என்று பளபளவென்று டைல்ஸ் போட்ட பார்க்கிங்கைக் காட்டினார்.

''இங்க எந்த சைக்கிளும் நல்லாத்தான் ஓடும். பின்னாடி ஒரு சந்து இருக்கே, பைப் லைனுக்குத் தோண்டிப் போட்டது... அங்க ஓட்டலாமா?'' என்றேன்.

கடைக்காரர் தயங்கினார். சேறு படும் என்றார். துடைத்துத் தருகிறோம் என்றோம்.

சந்தில் விஷயம் வெளுத்துவிட்டது. விலை கூடிய சைக்கிளில் மாப்பிள்ளைக்கு எட்டவில்லை. குனிந்து குனிந்து ஓட்டினார். ஜல்லியில் முன் சக்கரம் தடுமாறியது. விலை குறைந்ததில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை விட்டு எனக்கு 'டாட்டா' காட்டிக்கொண்டே போனார். டயர் 40. ஒயர் டிஸ்க். முன்னால் இரண்டு பல்சக்கரம். அலுமினியம். அதையே வாங்கினோம்.

இப்போது எட்டு மாதமாக ஏரிக்கரை வழியாகத்தான் போகிறார். முப்பது நிமிஷ நெடுஞ்சாலைக்குப் பதில் ஐம்பது நிமிஷம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் கரை வழுக்கும் என்பதால் கம்பெனி பஸ். இருட்டிவிட்டால் கரை மேல் போவதில்லை, பாம்பு உலாவும் நேரம். அன்றைக்கும் பஸ்தான். இதெல்லாம் தங்கை போட்ட கண்டிஷன். சர்க்கரை என்ன ஆச்சு என்பது டாக்டர் டிபார்ட்மென்ட். எனக்குத் தெரிந்தது இதுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு போன் பண்ணினால், முன்பெல்லாம் ''இன்னும் வரலண்ணே'' என்பதற்குள் குரல் நடுங்கும். இப்போது ''ஏரிக்கரையில கொக்கு பாத்துக்கிட்டு நிப்பாரு, வந்துருவாரு'' என்கிறாள்.

உங்கள் ஊரிலும் லாரி வராத ஒரு பாதை இருக்கும். கால்வாய்க் கரையோ, தோப்பு வழியோ, பழைய வண்டிப்பாதையோ. (காப்புக்காட்டுக்குள் மட்டும் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்துவிடாதீர்கள். அபராதம் சைக்கிள் விலையைத் தேடி வரும்!) அதை முதலில் கண்டுபிடியுங்கள். கிலோமீட்டர் வாரியாக நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு கடைக்குப் போங்கள். எந்த சைக்கிளானாலும் மண்ணில் ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

'சேறு படும் சார்' என்று கடைக்காரர் தயங்கினால், பையில் ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு போங்கள்!